ஆற்றிக் குடித்த வைன்

அந்தப் போத்தல் என்னைவிட மூத்தது. அதை மேசையில் வைத்த பிரெஞ்சுக்காரர் அதைவிட மூத்தவர். இரண்டு பேரும் ரயிலில் குலுங்கி நானுஓயாவில் இறங்கி, வேனில் வளைவு வளைவாகச் சுற்றி, பூண்டுலோயாப் பக்கத்து மலையில் இருக்கும் எங்கள் பங்களாவுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ஒரு காலத்தில் தோட்டத்துரை குடியிருந்த பங்களா, இப்போது ஹோட்டல். சாப்பாட்டு அறை என் பொறுப்பு.

வைனைத் திறப்பதும் ஊற்றுவதும் என் வேலைதான். ஆனால் அதுவரை ஒரு சொட்டும் என் தொண்டையில் இறங்கியதில்லை. நுவரெலியாவில் ஹோட்டல்காரர்களுக்கு நடந்த வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். நிறத்தைப் பார், முகர், வாயில் வைத்துச் சுழற்று, துப்பு என்றார்கள். நான் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, மற்றவர்கள் சொன்னதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லி, மூக்காலேயே தேறி வந்தவன்.

காரணம் ஒரு பெண். பங்களாவுக்குக் கீழே இருக்கும் தேயிலை ஃபேக்டரியில் ருசி பார்க்கும் வேலை அவளுக்கு. வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் கரண்டியால் அள்ளி, 'உர்ர்ர்' என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி உறிஞ்சி, துப்புவாள். பங்களாவுக்குத் தேயிலை வாங்கப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பார்த்தே நான் விழுந்துபோனேன். காதலிக்கும் பெண்ணின் சிரிப்பு பிடிக்கும், நடை பிடிக்கும் என்பார்கள். எனக்கு அவள் உறிஞ்சுகிற சத்தம் பிடித்தது, என்ன செய்ய.

அவளுடைய அப்பாவைக் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் கொண்டுபோய்விட்டது. அதனால் என்னிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்: "குடிக்கிறவனுக்கு நான் கழுத்த நீட்ட மாட்டேங்க. ஒரு வாய்னாலும் குடிதான்." நானும் சத்தியம் செய்திருந்தேன். போத்தல் வந்ததற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூவும் பழமுமாக நானும் அம்மாவும் அவள் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. ஆனால் கடைசி வார்த்தையை அவள் இன்னும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் ஃபேக்டரி கேட்டில் சொல்கிறேன் என்றிருந்தாள்.

அப்படிப்பட்ட நாளில் பார்த்துத்தான் பிரெஞ்சுக்காரர் போத்தலைக் கொண்டுவந்தார். தங்களுக்குக் கல்யாணமான வருஷத்து வைன் என்று இங்கிலீஷில் சொன்னார். மனைவி பயணத்தில் தலை சுற்றி மாடியில் படுத்திருந்தார். நன்றாக இருந்தால் மட்டும் கூப்பிடு, கெட்டுப்போயிருந்தால் நான் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாராம். அதைத் தனியாகத் தீர்மானிக்க மனுஷனுக்குத் தைரியமில்லை. கூட ஒரு வாய் வேண்டும், அது உன் வாய்தான் என்றார்.

சரி, இன்றைக்கும் உதட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தக்கையில் திருகியை இறக்கினேன். பழைய தக்கை, உதிர்ந்து பாதி உள்ளே விழுந்தது. பதறிப்போய் ஓடி, குசினியிலிருந்து தேத்தண்ணி வடியையும் இரண்டு ஜக்குகளையும் கொண்டுவந்து வடிகட்டினேன். அதுவரை சரி. ஆனால் எங்கள் ஊரில் எதையாவது வடிகட்டினால் அடுத்த வேலை ஆற்றுவதுதான். கை என்னைக் கேட்கவில்லை. ஒரு ஜக்கைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொன்றை இடுப்புக்குக் கீழே பிடித்து, நுரை பொங்க மூன்று நாலு தடவை ஆற்றிவிட்டேன். நல்ல கை எனக்கு, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அப்புறம்தான் பிரெஞ்சுக்காரரைப் பார்த்தேன். நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தார். குரங்கு கையில் பூமாலை என்பதற்குப் பிரெஞ்சில் ஏதாவது பழமொழி இருந்தால் அதைத்தான் அவர் அப்போது முணுமுணுத்திருக்க வேண்டும். இவ்வளவு வயதான வைனுக்கு இவ்வளவு காற்று ஆகாது, கொஞ்ச நேரத்தில் மணமெல்லாம் பறந்துவிடும் என்றார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அவரோ சட்டென்று கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அப்படியானால் இப்போதே குடிக்க வேண்டும், சீக்கிரம், சீக்கிரம் என்று கிளாசை என் கையில் திணித்தார்.

அந்த அவசரத்தில் வகுப்பில் படித்தது எல்லாம் மறந்துபோனது. தெரிந்தது ஜன்னல் வழியாகப் பார்த்த வித்தைதான். வெள்ளை மேசைவிரிப்புக்கு எதிரே கிளாசைச் சாய்த்தேன். நடுவில் சிவப்பு, ஓரத்தில் பிளேன் டீயின் நிறம். முகர்ந்தேன். முதலில் பூட்டிக் கிடந்த அலுமாரி வாசம். பொறுத்துப் பார்த்தால், மழை விட்டதும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் வருமே, அந்த ஈரமண் வாசம். பின்னாலேயே காளான். சூப் கரண்டியை எடுத்து அள்ளி, 'உர்ர்ர்' என்று உறிஞ்சினேன். பிரெஞ்சுக்காரர் திடுக்கிட்டுச் சிரித்தார். பிறகு அவரும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு என்னைவிடப் பலமாக உறிஞ்சினார்.

அந்த ருசியை எப்படிச் சொல்வேன். துவர்ப்பு இருந்தது, ஆனால் கோபமெல்லாம் தணிந்த துவர்ப்பு. அதற்கு அடியில் காய்ந்த திராட்சையும் கித்துல் கருப்பட்டியும். நாக்கின் ஓரத்தில் ஒரு சின்னப் புளிப்பு, இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அது சொன்னது. துப்பவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. முழுங்கிவிட்டேன். இன்னொரு கரண்டி. இன்னொன்று.

"இருக்குங்க ஐயா, உயிரோட இருக்கு" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மாடியைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வெறுங்காலோடு இறங்கி வந்து, எங்கள் கையிலிருந்த கரண்டிகளைப் பார்த்து ஒன்றும் கேட்காமல், தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் உறிஞ்சிய சத்தத்தில் மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் மலையிலிருந்து இறங்கினேன் என்று சொல்ல முடியாது, உருண்டேன். தலைகால் புரியவில்லை. குடித்தது சில கரண்டிதான், அதனால் வந்த மயக்கம் இல்லை. இப்படி ஒரு ருசி உலகத்தில் இருக்கிறது, இதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவள் இதோ கீழே இருக்கிறாள் என்ற சந்தோஷம். வேறு எதுவுமே ஞாபகத்தில் இல்லை.

அவள் கேட்டில் நின்றிருந்தாள். போனதும் ஆரம்பித்துவிட்டேன்.

"ஒங்களுக்குத்தாங்க மொதல்ல சொல்லணும். துவர்ப்பு இருக்கு, ஆனா நாக்கப் புடிக்கல. மொதல்ல மண்ணு, அப்புறம் காளான், எல்லாம் எறங்கின பொறகு கருப்பட்டி மட்டும் தொண்டையில நிக்கிது. இன்னும் நிக்கிதுங்க."

"எது?"

"வைனு..."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடினேன். அந்த வேலையைக் கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

"துப்பலயா?" என்றாள்.

"துப்பலங்க."

"நான் காலையிலருந்து கோப்ப கோப்பயா வாயில வைக்கிறேன். ஒரு சொட்டு முழுங்கினதில்ல."

எனக்குப் பயம் வந்தது. மலையெல்லாம் உருட்டிக் கொண்டுவந்த சந்தோஷம் காலடியில் கிடந்தது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் வாசம் வரும். அவள் ஒரு எட்டு முன்னால் வந்து, "வாயத் தொறங்க" என்றாள். திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, கோப்பையின் மேல் குனிவது போலக் குனிந்து முகர்ந்தாள். அவள் முகம் அத்தனை கிட்டத்தில் அதுவரை வந்ததில்லை. நான் மூச்சு விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

"கருப்பட்டி இருக்கு. காளான் போயிருச்சு" என்றாள்.

கண்ணைத் திறக்கச் சற்று நேரம் எடுத்தாள்.

"எங்கப்பா அத்தன வருஷம் குடிச்சாரு. ஒரு நாளாவது அது என்ன ருசின்னு வீட்டுல வந்து சொன்னதில்ல."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வளைவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"நாளைக்கு எங்கம்மா முன்னால சிரிச்சுராதீங்க. பல்லெல்லாம் நாவல்பழம் தின்ன மாதிரி இருக்கு."