செவலைக்குப் பூசிய மஞ்சள்

பிடோக் கம்போங் என்கிற கிராமத்தில் பாக்கியலட்சுமியை ஏமாற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது. தவிட்டு மூட்டை வாங்கினால் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். தேக்காச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் காம்பைக் கிள்ளிப் பார்ப்பாள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவள் பல்லையும் பார்ப்பாள், கொடுத்தவன் முழியையும் பார்ப்பாள். "நீ சந்தேகப்படாத ஆளு இனிமேதான் பொறக்கணும்" என்பான் அவள் புருஷன் முத்துசாமி. சாங்கி விமானத் தளத்தில் அவனுக்குக் கூலி வேலை.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. பால் விற்க ஆரம்பித்த காலத்தில் மாட்டைக் காத்தோங்வரை நடத்திக்கொண்டு போய், வீட்டு வாசலிலேயே கறந்து கொடுக்க வேண்டும். செம்பைக் கவிழ்த்துக் காட்டினால்தான் கறக்கவே விடுவார்கள். ஒரு மகராசி, எங்கே தண்ணீர் ஒளித்து வைத்திருக்கிறாளோ என்று முந்தானையை உதறச் சொன்னாள். ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தறியாதவளை அப்படிச் சொன்னால் வயிறு எரியாதா? அன்றைக்குப் பிடித்த சந்தேகம்தான், பிறகு அவளை விடவேயில்லை.

கொட்டகையில் நான்கு மாடுகள். நான்கில் செவலைதான் அவளுக்கு உயிர். மொத்தப் பாலில் பாதி அது கொடுப்பது. விடிந்ததும் செவலையிடம் கறந்த சூட்டோடு, நுரை அடங்குமுன் ஒரு டம்ளர் பால் மகள் லீலாவுக்குப் போய்விடும். ஆறு வயது ஒற்றைப் பிள்ளை. காய்ச்சினால் சத்துப் போய்விடும் என்பது பாக்கியத்தின் கட்சி.

அறுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் பால் சங்கம் ஒன்று வந்தது. படித்த பிள்ளைகள் நாலு பேரும் மாட்டுக்காரர்கள் சிலரும் சேர்ந்து காத்தோங்கில் ஒரு பழைய கடைவீட்டில் தொடங்கியது. பாலை வாங்கிப் பெரிய தொட்டியில் ஊற்றிப் பதப்படுத்துவார்களாம், புட்டியில் அடைத்து விற்பார்களாம். மாட்டுக்காரர்களுக்குப் புதுரகப் புல்லைச் சும்மாவே கொடுத்தார்கள். சும்மாவா! சோழியன் குடுமி சும்மா ஆடுமா? பாக்கியம் அந்தப் புல்லை முதலில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்க ஆடு உயிரோடிருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் சங்கத்து ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அற்புதராஜ் என்று பெயர், கழுத்தில் சிலுவை, கையில் ஊசிப் பெட்டி.

"ஊசி எதுக்கு?" என்றாள் பாக்கியம், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"மாட்டுக்குச் சயரோகம் இருக்கான்னு பாக்கத்தான்க்கா. கழுத்துல தோலுக்குள்ள போடுவோம். மூணு நாள் கழிச்சு வந்து தடவிப் பாப்பேன். வீங்கலைன்னா நல்ல மாடு, காதுல பச்சை வில்லை போட்டுடலாம்."

"வீங்கிட்டா?"

"நாங்களே கொண்டுபோயிடுவோம். நஷ்டஈடு உண்டுக்கா."

"அதானே பாத்தேன்!" என்றாள். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். ஆனாலும் வேறு வழியில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். காத்தோங் வாடிக்கை வீடுகளிலும் "பச்சை வில்லை மாடாம்மா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு மாட்டையும் பிடித்துக் கொடுத்தாள். அவன் மாடுகளின் கழுத்து மயிரைக் காசளவு கத்தரித்து ஊசியைப் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் மூன்று மாட்டுக்கு ஒன்றுமில்லை. செவலைக்கு மட்டும் கழுத்தில் எலுமிச்சம்பழம் கணக்காக வீங்கியிருந்தது.

பாக்கியத்துக்குப் பகீரென்றது. அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. "பாத்தியா, பாத்தியா! நாலுல எது நல்ல மாடுன்னு பாத்து, அதோட ஊசியில என்னத்தையோ வச்சுட்டுப் போயிருக்கான் பாவி!" என்று முத்துசாமியிடம் கத்தினாள். நோய் இருக்குமோ என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஊரையே சந்தேகப்பட்டவளுக்குத் தன் மாட்டைச் சந்தேகப்படத் தெரியவில்லை.

கோப்பிக் கடையில் ஐஸ் கட்டி வாங்கித் துண்டில் சுற்றி ஒற்றி எடுத்தாள். மஞ்சளும் புளியும் குழைத்துப் பத்துப் போட்டாள். லீலா பக்கத்திலேயே குந்திக்கொண்டு "செவலைக்கு வலிக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் விடாமல் செய்ததில் வீக்கம் பாதிக்குமேல் வற்றிவிட்டது. ஆனால் கத்தரித்த இடத்தில் மஞ்சள் பளிச்சென்று காட்டிக் கொடுத்தது.

அதற்கும் அவளுக்கு வழி தெரியும். மூன்றாம் நாள் மாட்டுப் பொங்கல். நான்கு மாட்டையும் குளிப்பாட்டி, கழுத்து முழுக்க மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்து, தேக்காவில் வாங்கிய கனத்த செவ்வந்தி மாலையைப் போட்டு நிறுத்தினாள். எந்த மஞ்சள் எதற்குப் பூசியது என்று யார் கண்டார்கள்?

அற்புதராஜ் வந்து கொட்டகை வாசலிலேயே தயங்கி நின்றான். "நல்ல நாள் அதுவுமா வந்துட்டேன், மன்னிச்சுக்குங்கக்கா."

"அதனாலென்ன தம்பி. பூஜை போட்ட மாடு, மாலையைக் கழட்டக் கூடாது. கையை உள்ள விட்டுப் பாத்துக்குங்க."

தடிப்பை அளக்கும் கருவி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. அடுத்தவர் பூஜையில் கை வைத்த பாவம் தனக்கு வேண்டாம் என்று பயந்தான். மாலைக்கடியில் விரலை விட்டுத் தடவினான். செவலையிடம் வந்ததும் விரல் நின்றது, நெற்றி சுருங்கியது. பாக்கியம் சட்டென்று வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலை நீட்டினாள். அவன் பொங்கலோடு சந்தேகத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டு, செவலையின் காதில் பச்சை வில்லையை மாட்டினான்.

"யாருகிட்ட!" என்று அன்றெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மறுநாளிலிருந்து பாலைச் சங்கத்துக்கு ஊற்றினாள். லீலாவின் டம்ளர் பால் மட்டும் வழக்கம்போல் கறந்த சூட்டோடு வீட்டில் தொடர்ந்தது.

சித்திரையில் லீலாவின் தாடைக்குக் கீழே ஒரு கட்டி கிளம்பியது. பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து மஞ்சள் பத்துப் போட்டாள் பாக்கியம். கட்டி கரையவில்லை, பக்கத்தில் இன்னொன்று வந்தது. பிள்ளை துரும்பாய் இளைத்துப்போன பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். ரூபி என்ற தமிழ் நர்ஸ் அதைத் தமிழில் கேட்டாள்: "பிள்ளை காய்ச்சாத பால் குடிக்குமாம்மா?"

பாக்கியம் ஆமென்று தலையாட்டினாள்.

லீலாவின் முன்கையில் தோலுக்குள் சின்னதாக ஓர் ஊசி போட்டார்கள். ரூபி சொன்னாள்: "மூணு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. வீங்கினா பயந்துடாதீங்க. ஐஸ், மஞ்சள், பத்து ஒண்ணும் வைக்கக் கூடாது. நோயை மறைச்சுட்டா பிள்ளைக்கு எப்படிம்மா மருந்து குடுக்கிறது?"

மறுநாளே கை சிவந்து தடித்தது. லீலா அழுதாள். "அரிக்குதும்மா. மஞ்சள் போடும்மா. செவலைக்குப் போட்டியே, சரியாப்போச்சே!"

பாக்கியம் பிள்ளையை மடியில் போட்டு அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். குறித்த நாள் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் டாக்டர் கைத் தடிப்பை அளந்து பார்த்தார், எக்ஸ்ரே படமும் எடுத்தார். சயரோகம்தான். ரொம்ப நாள் மருந்து சாப்பிட வேண்டும், பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். பிள்ளையை வார்டில் விட்டுவிட்டு, பாக்கியம் நேரே பஸ் ஏறிக் காத்தோங் சங்கத்துக்குப் போனாள். அங்கே அந்தப் பெரிய தொட்டி நின்றது. தை மாசத்திலிருந்து செவலையின் பாலை அதில்தான் ஊற்றியிருக்கிறாள். அற்புதராஜிடம் ஐஸ், புளி, மாலை, பொங்கல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினாள். "எத்தனை பிள்ளைங்களோ தம்பி, எத்தனை பிள்ளைங்களோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. "நானும் அன்னிக்கு அளக்காம வந்துட்டேனே... மத்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. இங்க வர்ற பாலைச் சூடாக்கிக் கிருமியைக் கொன்னுட்டுத்தான் புட்டியில அடைக்கிறோம்."

அப்படியானால் காத்தோங்கில் முந்தானையை உதறச் சொன்னவளின் வீட்டுக்கும் நல்ல பால்தான் போயிருக்கிறது. பாக்கியம் யாரை நம்பவில்லையோ, அவர்கள்தான் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் காப்பாற்றியிருக்கிறார்கள். அவள் கையால் காய்ச்சாமல் கொடுத்த பாலைக் குடித்தது லீலா ஒருத்திதான். பாக்கியம் தொட்டியோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு மாட்டுக்கும் மறுபடியும் ஊசி போட்டார்கள். குறித்த நாளில் அற்புதராஜ் வந்தபோது கொட்டகையில் மஞ்சளும் இல்லை, மாலையும் இல்லை. செவலையின் கழுத்தில் வீக்கம் தூரத்திலிருந்தே தெரிந்தது. அவன் விரலால் தடவப் போனான். பாக்கியம் செவலையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு அவனைத் தடுத்தாள்.

"கருவியை எடுத்து அளந்து பாருங்க தம்பி. மத்த மூணையும் அளங்க. நான் என்ன சொன்னாலும் நம்பாதீங்க."