வேலைக்காரி பேசிய பிரெஞ்சு

எங்கள் பிரெஞ்சு விரிவுரையாளரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பது கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பாடத்தை வாசிக்க நான் எழுந்தாலே, பல்லில் கல் மாட்டிக்கொண்டவர்போல் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்.

அது எழுபதுகளின் கடைசி. அரியாங்குப்பத்திலிருந்து அப்பா தினமும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுன் பஞ்சாலைக்கு சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீடுகள் இரண்டு. சொல்தா வீடு என்போம். மாதம் பிறந்தால் அவர்களுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். அதைப் பார்த்துப் பார்த்து, பிரெஞ்சு தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அப்பா மனதில் பதிந்துவிட்டது. பள்ளி முழுக்கத் தமிழிலேயே படித்த என்னை இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுக்கச் சொன்னது அவர்தான்.

வகுப்பில் பதினான்கு பேர். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் டவுனில் ஒரு சொல்தா வீட்டுப் பெண். அவளுக்கு பிரெஞ்சு வீட்டிலேயே வந்துவிட்டது. எனக்கோ மேசை ஏன் பெண், அலமாரி ஏன் பெண், கத்தி மட்டும் ஏன் ஆண் என்பதே பிடிபடவில்லை. பெண்பாலுக்கு ‘லா’ போடவேண்டிய இடத்தில் ஆண்பாலுக்கான ‘லெ’ போடுவேன். போட்டதும் மதாம் கண்ணை மூடுவார். அதைப் பார்த்ததும் அடுத்த வார்த்தையும் தப்பாகிப்போகும்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது, பாரீசிலிருந்து ஒரு நாடகக் குழு வருகிறது, கடற்கரைப் பக்கத்து அரங்கில் சாயந்திரம் நாடகம், வகுப்பு மொத்தமும் வரவேண்டும் என்றார் மதாம். பார்த்துவிட்டு, அந்த அனுபவத்தை பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. நாடகம் பார்த்தால் மார்க்கா என்று அம்மா இரண்டு முறை கேட்டாள். அக்காவின் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைத் தாவணியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனேன்.

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விட்டோம். அரங்கு காலியாகக் கிடந்தது. மதாமே எங்களை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தார். மெத்தை வைத்த நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. மேடையில் ஒரு சாப்பாட்டு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். முதன்முதலாக நாடகம் பார்க்கப் போகிறேன் என்ற சந்தோஷம் எனக்கு இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

பிறகு அழைப்பிதழ் வைத்திருந்தவர்கள் வரத்தொடங்கினார்கள். கோட்டு போட்ட கிழவர்கள், கவுன் போட்ட அம்மாள்கள், வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர். முன்வரிசைகள் நிரம்பிவிட்டன. வெள்ளைச் சீருடை போட்ட ஒருவர் வந்து, மாணவர்கள் எல்லோரும் எழுந்து பின்னால் போய் நிற்கவேண்டும் என்றார். ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். சொல்தா வீட்டுப் பெண் எழவில்லை. அவளுடைய அப்பா அழைப்பிதழோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நானும் எழவில்லை. எங்களை இங்கேதான் உட்காரச் சொன்னார்கள் என்றேன். சீருடைக்காரர் மதாமைக் கூட்டிவந்தார். மதாம் குனிந்து, காதோரம் சொன்னார்.

“எந்திரி. எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்காத.”

“நீங்கதான மதாம் உக்கார வச்சீங்க?”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பிவிட்டார். வளையல் அழுந்தி வலித்தது. நான் எழுந்த நாற்காலியில் ஒரு அம்மாள் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தட்டலை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பின்சுவரில் சாய்ந்து நின்றோம். கொஞ்சம் தள்ளி மதாமும் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் நாற்காலி இல்லை. கடைசிவரை நின்றேதான் பார்த்தார். நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

நாடகம் ஒரு பணக்கார வீட்டில் நடப்பது. புருஷனும் பெண்டாட்டியும் விருந்துக்கு வந்தவரோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். மளமளவென்று வந்து விழுந்த பேச்சில் ஒன்றும் புரியவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றேன். அப்போது வேலைக்காரி ஒருத்தி தட்டோடு உள்ளே வந்தாள். எந்த ஊரிலிருந்தோ பிழைக்க வந்தவள்போல் இருந்தது வேஷம். அவள் வாயைத் திறந்ததும் எனக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். மேசைக்கு ‘லெ’ போட்டாள். ஸ்பூனுக்கும் ‘லெ’ போட்டாள். அரங்கு முழுக்கச் சிரித்தது.

அவள் பேசியது என்னுடைய பிரெஞ்சு.

அவள் வரும்போதெல்லாம் சிரித்தார்கள். கோட்டு போட்ட கிழவர் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்கு முன்னால் நின்ற வகுப்புப் பையன்கள், புரிந்ததோ இல்லையோ, சேர்ந்து சிரித்தார்கள். நாடகம் முடிந்து அவள் தலைகுனிந்து வணங்கியபோது பலமாகக் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று பார்த்ததை அப்படியே எழுதினேன். எங்களை எழுப்பிவிட்டது, வேலைக்காரியின் பேச்சு மட்டும் புரிந்தது, எல்லோரும் சிரித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதினேன். அதுவரை பிரெஞ்சில் எதற்காகவும் அவ்வளவு சிரத்தை எடுத்ததில்லை.

திங்கட்கிழமை மதாம் என் தாளை மட்டும் தனியாக எடுத்தார். முதல் வாக்கியத்தை நான் எழுதியிருந்த தப்போடு, தப்பு விழுந்த இடத்தில் அழுத்திப் படித்தார். இரண்டாவதையும் படித்தார். வகுப்பு சிரிக்கத் தொடங்கியது. எங்களை எழுப்பிவிட்டதைப் பற்றிய பத்தி வந்ததும் அதைத் தாண்டிப்போய் வேறு இடத்தில் தொடர்ந்தார். பக்கத்தில் இருந்தவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெஞ்சு ஆடியதில் எனக்குத் தெரிந்தது.

எழுந்து நின்றேன்.

“அந்த வேலைக்காரிக்கு சம்பளம் குடுத்து அப்படிப் பேச வச்சாங்க மதாம். எனக்கு யாரும் குடுக்கல.”

சிரிப்பு நின்றது. மதாம் தாளை நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, வெளியே போகச் சொன்னார்.

மன்னிப்புக் கடிதம் எழுதினால்தான் வகுப்புக்குள் விடுவேன் என்று முதல்வரிடம் சொல்லிவிட்டார். முதல்வர் என்னைக் கூப்பிட்டு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தார். நடந்ததைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அவர் இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். கடைசியில், இரண்டாம் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள ஒரு விண்ணப்பம் எழுது, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். போட்டார்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஷிப்டு முடிந்து வந்தவர், பனியனில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டியபடி நான் சொன்னதைக் கேட்டார். திட்டவில்லை. ஆனால் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எங்கள் தெரு சொல்தா வீடுகளைத் தாண்டி நடக்கும்போது மட்டும் தலையைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்தேன். மதாம்மேல் எனக்கிருந்த ஆத்திரம் அந்த வாரத்தில்தான் ஊறிக் கெட்டியானது.

மாதக் கடைசியில் ஒருநாள், பஸ் நிறுத்தத்தில் அந்த சொல்தா வீட்டுப் பெண் என்னைத் தேடிவந்தாள். மூச்சு வாங்க நின்றாள்.

“அன்னிக்கு நானும் சிரிச்சிட்டேன். தப்புதான். மனசுல வச்சிக்காதப்பா.”

“வச்சிக்குவேன்,” என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அரியாங்குப்பம் பஸ் வந்தது. ஏறி, எதிர்ப்பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். அதன்பிறகு அவள் என்னிடம் பேச வரவில்லை. படிப்பு முடிந்து பிரான்சுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவள் ஒருத்திதான் வந்து தப்பு என்று சொன்னவள். அவளிடம்தான் நான் அப்படிப் பேசினேன்.