கத்தி படாத ராஸ்பெர்ரி

ராஸ்பெர்ரி இலையின் அடிப்பக்கத்தைத் தடவினால், அன்றுதான் முடிவெட்டிக்கொண்டு வந்த பிள்ளையின் பிடரியைத் தடவுவது போலிருக்கும். கையை எடுக்க மனம் வராது. கொஞ்சம் நகர்த்தினால் காம்பிலுள்ள முள் கிழிக்கும். என் ஆரம்பப் பள்ளிக் காலம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் விரல் கீறலோடு கழிந்தது. பழம் எப்படியிருக்கும் என்பது மட்டும் நாலு வருஷமாகத் தெரியவில்லை.

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே, மதியத்துக்கு மேல் நிழல் விழும் மூலையில் அந்தச் செடி நின்றது. ஏற்காட்டுக் கன்னியர் மடத்தில் சிஸ்டராக இருந்த என் சித்தி, விடுமுறைக்கு வந்தபோது ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தது. "நம்மூரு வெயிலுக்கு இது நிக்காது" என்று தெருவே சொன்னது. அதைக் கேட்ட பிறகுதான் அம்மா குழியே தோண்டினாள். முடியாது என்று யாராவது சொன்னால் உடனே கடப்பாரையைத் தேடுகிற சுபாவம் அவளுக்கு. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, கோடையில் நனைத்த கோணியைத் தட்டியாகக் கட்டி வளர்த்தாள். செடியும் வெள்ளைப் பொடி பூசிய தண்டுகளை ஆளுயரத்துக்கு வீசி வளர்ந்தது. காய்க்கத்தான் இல்லை.

ராஸ்பெர்ரி என்றால் நாக்கைச் சிவக்க வைக்கும் குச்சி ஐஸ் என்று மட்டுமே அறிந்திருந்த நானோ, வகுப்பு முழுவதற்கும் ஆளுக்கு இரண்டு பழம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அரசியலுக்குப் போயிருக்க வேண்டியவள், கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா மல்லிகை பயிரிடும் வீட்டுப் பிள்ளை. பொங்கலை ஒட்டி மல்லிகையை மொட்டையாக வெட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம், 'கவாத்து' என்பார்கள். வெட்டிய செடி பங்குனியில் பூத்துத் தள்ளும். ராஸ்பெர்ரிக்கும் அதே வைத்தியம்தான் நடந்தது. தை பிறந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி நிறுத்துவார்; விழுந்த தண்டுகளை நான் கூடையில் அள்ளுவேன். "கவாத்து அடிக்காம எந்தச் செடி காய்க்கும்? எங்க கொல்லையில நான் பாக்காததா?" என்பார். கொல்லை என்றால் அவர் ஊரில் வயற்காடு.

ஐந்தாவது வருஷம் மார்கழியில், முன்கட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா வந்து நின்றார். சித்திரையில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம். பின்கட்டில் சமையல் பந்தல் போட வேண்டும்.

"இன்னாம்மா, பூவும் இல்ல, காயும் இல்ல. முள்ள வளத்துக்கினு இருக்க? ஜல்தியா புடுங்கிடு."

"கல்யாணம் சித்திரையிலதானேங்க? அதுக்குள்ள பழம் வரலன்னா நானே புடுங்கிடறேன். வந்துச்சுன்னா, நின்ன எடத்துலதான் நிக்கும்."

"இத்தினி வருசமா வராத பழம் என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்துடுமா?"

"பத்திரிகை வெச்சுப் பாருங்களேன்" என்றாள் அம்மா.

தை வந்தது. அப்பா கத்தியைத் தீட்டினார். அம்மா குறுக்கே நின்றாள். "சாவப்போற செடிக்கு எதுக்குங்க முடிவெட்டு? இருக்கிற வரைக்கும் முழுசா இருந்துட்டுப் போவட்டும்."

"வெட்டலன்னா நீதான் தோத்துடுவ."

"தோத்துட்டுப் போறேன். கத்தி வெக்காதீங்க."

கத்தி அரிசிப் பானைக்குள் போனது. அப்பா மூன்று நாள் யாரோடும் பேசாமல் சாப்பிட்டார், சாப்பாட்டைக் குறைக்கவில்லை.

மாசியில் பழைய தண்டுகளில் பக்கத்துளிர் விட்டது. சின்னச் சின்ன ரோஸ் நிறப் பூக்கள் வந்தன, பிறகு காய்கள், அவையும் சிவந்தன. சிவப்பைக் கண்டதும் ஐஸ் ஞாபகத்தில் ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு, புளிப்பில் ஒரு கண்ணை மூடியபடி நின்றேன். அது கருத்த பிறகுதான் பழம் என்பதை ஐஸ் வண்டிக்காரர் சொல்லவே இல்லை. கருத்தவை பதினொன்று. அத்தனையையும் ஒரு தட்டில் வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, அம்மா முன்கட்டுக்குப் போனாள். என் வகுப்பு இன்னும் காத்திருக்கிறது.

வீட்டுக்கார அம்மா ஒன்றைத் தின்றார். "வெறும் கொட்டையா இருக்குது" என்று இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதைத் தின்றுவிட்டுப் பந்தல்காரரைக் கூப்பிட்டு, அந்த மூலையில் கால் ஊன்ற வேண்டாம் என்றார்.

"நாலு வருசம் நான் அடிச்ச கவாத்து இப்பதான் வேலை செய்யுது" என்றார் அப்பா. போன வருஷத்துத் தண்டில்தான் அது காய்க்கும் என்று வெகுகாலம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். வருஷா வருஷம் அவர் வெட்டியதும் நான் அள்ளியதும் அந்தந்த வருஷத்துப் பழத்தை. அம்மாவுக்கும் இது தெரியாது. வீம்புக்கு விட்டுவைத்தாள், அவ்வளவுதான்.

இப்போது அந்த இடத்தில் பைக் ஷோரூம். மதில்வரை சிமெண்ட், ஒரு சாண் மண் கிடையாது. அப்பா இல்லை, சித்தி இல்லை, வீட்டுக்கார அம்மாவும் இல்லை. நானும் அம்மாவும் விழுப்புரத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பால்கனித் தொட்டியில் இரண்டு ராஸ்பெர்ரிகளைக் கொன்றாகிவிட்டது. "மலைச் செடி மேடம், இங்க வராது, செம்பருத்தி எடுத்துக்கினு போங்க" என்று நர்சரிக்காரர் சொன்னதால் மூன்றாவதும் வாங்கினேன். இருபது நாளில் அதில் பாதி இலை காய்ந்துவிட்டது. நேற்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

"செத்த செடி, முள்ளு வேற. எடுத்துடுங்க மேடம்."

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தண்டை நகத்தால கீறிப் பாருடி. பச்சையா இருந்தா அவரப் போவச் சொல்லு."

கீறினேன். பச்சை.