தங்கத்தின் வெண்கலப் பானை

அறுபதுகளின் தொடக்கத்தில் திருவானைக்காவலில் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு மணி வார்த்தோம். வீட்டுக்கொரு வெண்கலப் பாத்திரம் தருவதாகப் பேச்சு. சொல்லவே கூசுகிறது, என் பானையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரே வீட்டில் இருந்த என் ஓர்ப்படி தங்கம் ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் பானையைத் தூக்கிப் போய் என்னுடையது என்று கொடுத்துவிட்டேன். செத்துப்போன அவள் அம்மா கொடுத்த சீர் அது.

யார் கொடுத்தது என்று அம்மனுக்குத் தெரியவேண்டுமாம். அதனால் உருக்குவதற்கு முன்னால், பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பேரை ஆசாரி உரக்கப் படிப்பார். எனக்கு அது தெரியாது. தெருவே கூடி நிற்க, அவர் பானையைத் திருப்பினார்.

"தங்கம்னு வெட்டியிருக்கே. உங்களதுன்னு சொன்னீங்களேம்மா?"

ஈரத்தலையோடு கூட்டத்தில் நின்ற தங்கம் முன்னால் வந்தாள்.

"நான்தாங்க அக்காகிட்ட குடுத்தனுப்பினேன். போடுங்க."

பானை உலைக்குள் போனது.

வீட்டுக்கு வந்ததும் என் பானையைப் பரணிலிருந்து இறக்கி நீட்டினேன். "இத நீ வச்சுக்க, தங்கம்."

"அதுல உங்க பேருல்ல இருக்கு, அக்கா," என்று சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போய்விட்டாள்.

அந்த மணி அடித்தால் தெருவே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நான் மட்டும், அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க, எரிகிற அடுப்பையே ஊதிக்கொண்டிருப்பேன்.