நாலாவது கால்

மூன்று பள்ளிக்கூடங்கள் அவளை வேண்டாம் என்றன. அவள் ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இருபத்தோராம் வயதில் ஊருக்கு வெளியே இருந்த குதிரைப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொண்டது. படிப்பு ஏறாத வளர்ந்த பிள்ளைகளுக்குக் குதிரைகளை வைத்தே எண்ணவும் நேரம் பார்க்கவும் ஒரு வேலையை முழுதாக முடிக்கவும் கற்றுக்கொடுக்கும் இடம் அது. அங்கேதான் அவளுக்கு நிதானம் என்று பெயர் வந்தது. அவசரக்காரர்களைக் கண்டால் காதை மடக்கும் கிழட்டுப் பழுப்புக் குதிரை அவள் வந்தால் தலையைத் தாழ்த்திக் கொடுக்கும்.

லாயத்துச் சுவரில் ஆளுக்கொரு அட்டை. அதில் பதினோரு வேலைகள் படமாக இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று 'உதவியோடு', மற்றது 'தனியாக'. பயிற்சி கொடுக்கும் அக்கா பார்த்துவிட்டு ஏதாவது ஒன்றில் குறி போடுவாள். மூன்று வருடத்தில் நிதானத்துக்குப் பத்து வேலைகள் 'தனியாக' என்றாகிவிட்டன. குளம்பு சுத்தம் செய்வது மட்டும் பாக்கி.

போன மழைக்காலத்தில் ஒருநாள், கூடப் படித்த சுருட்டைமுடிக்காரனின் மழைச்சட்டை ஆணியில் இல்லை.

"அவன் எங்கக்கா?"

"எல்லாத்தையும் கத்துக்கிட்டான்ல. வீட்டுக்கு அனுப்பியாச்சு."

அவள் அந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு மூன்றாவது மாடியில். அப்பா இல்லை. அம்மா தையல் கடைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவாள். விடுமுறை நாட்களில் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை பேச ஆள் கிடையாது. ஒருநாள், குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, "தண்ணி" என்று சொல்லிப் பார்த்தாள். இருந்தது. அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

அந்த மழைக்காலத்திலிருந்து அவளுக்கு நாலாவது குளம்பு வராமல் போயிற்று. இடது முன்கால், இடது பின்கால், வலது முன்கால் எல்லாம் வழக்கம்போல் நடக்கும். காலைத் தடவி இறங்கி, தூக்கி, வளைந்த இரும்புக் கொக்கியால் மண்ணைச் சுரண்டி எடுப்பாள். வலது பின்காலுக்கு வந்ததும் கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, "தெரியலக்கா" என்பாள்.

"மூணு கால் போதும்னா முக்காலி வாங்கியிருப்போமே, குதிரை எதுக்கு?" என்பாள் அக்கா. பிறகு அவளே குனிந்து மிச்சத்தை முடிப்பாள். 'உதவியோடு' கட்டத்தில் குறி விழும்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வருஷம் பூரா ஒரே கால்லயா நிக்கிற? வெளிய யார்கிட்டயாவது சொன்னா சிரிப்பாங்கடி."

"சொல்லாதம்மா."

புதன்கிழமை மேய்ச்சலிலிருந்து வந்த பழுப்புக் குதிரை வலது பின்காலின் நுனியை மட்டும் தரையில் வைத்து நின்றது. அக்கா அட்டையும் கையுமாக வந்தாள். நிதானம் மூன்று குளம்புகளை முடித்தாள். கொக்கியைக் கீழே வைக்கப் போகும்போது அக்காவின் போன் அடித்தது. தீவனக்காரர். அக்கா பேசிக்கொண்டே வெளியே போனாள்.

நிதானம் காத்திருந்தாள். மூட்டைகள் எப்போது வரும் என்று வெளியே பேச்சு நீண்டது. குதிரையின் தொடை நடுங்கியது. கூப்பிட்டால் அக்கா வந்துவிடுவாள். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள். குதிரை திரும்பி அவளைப் பார்த்தது. யாரையும் பார்ப்பதுபோல்தான் பார்த்தது.

அவள் குனிந்தாள். கால் தானாகவே கைக்கு வந்தது. குளம்பின் நடுவில் மெத்தென்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கல். குதிகாலிலிருந்து நுனி நோக்கிக் கொக்கியை நகர்த்தி, நெம்பி, எடுத்தாள். மிச்ச மண்ணையும் சுரண்டினாள். காலை இறக்கியதும் குதிரை முழுப் பாரத்தையும் அதில் வைத்துப் பெருமூச்சு விட்டது.

நிமிர்ந்தபோது அக்கா வாசலில் நின்றாள். போன் கையில் இல்லை.



"நான் ஒண்ணும் பாக்கல," என்றாள் அக்கா, அட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்.

"பாத்தீங்க."

"அடுத்த மாசம் போட்டுக்கலாம். என்ன இப்ப, குடியா முழுகிப்போகுது?"

நிதானம் யோசித்தாள். அவளுக்கு யோசிக்க நேரம் வேண்டும். அக்கா கொடுத்தாள்.

"நாளைக்கும் கல்லு மாட்டுனா, நாளைக்கும் எடுப்பேன்கா. எனக்குத் தெரியும்."

அக்கா பேனாவைத் தேடினாள். சட்டைப் பையிலேயே இருந்ததை வெகுநேரம் தேடினாள். பதினோராவது குறி விழுந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வரலாமா?" என்று கேட்டாள் நிதானம்.

"வரலாம்மா."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். மற்றவர்கள் வாளியை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார்கள். அவள் நிரம்பும் வரை அங்கேயே நின்றாள்.