பதினாலாம் பாத்திக்கு அப்பால்

நல்ல தண்ணீர்க் குடத்திலிருந்து அரைச் சொம்பு சாய்த்து, விரல் விரலாகக் கழுவுகிறார் மரியதாஸ். பிறகு வேட்டியின் உள்மடிப்பில் துடைக்கிறார். வெளிப்பக்கத்தில் உப்பு ஒட்டியிருக்கும். அடுத்து இடது கை விரல் நுனிகளுக்கு மட்டும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அப்புறம்தான் ஆணியில் தொங்கும் கிட்டாரை எடுப்பார். மரக்காணம் உப்பளத்தில் விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும்வரை உப்பு வாரிவிட்டு வரும் மனிதருக்கு இத்தனை ஆசாரமா என்று கேட்டால், "உப்புக் கையோட தொட்டா மூணே நாள்ல கம்பி துருப் புடிச்சிடுங்க. அப்புறம் சைக்கிள் பிரேக் கம்பியத்தான் கட்டி வாசிக்கணும்" என்பார்.

வயது நாற்பத்தாறு. குள்ளமான ஆள். பாதங்கள் இரண்டும் உப்பில் ஊறி ஊறி வெடித்திருக்கும். வெண்டைக்காய் விரல் என்று சிலருக்குச் சொல்வார்களே, இவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "இது சுண்டக்கா வெரலு" என்பார் சின்னப்பாப்பா. அவர் மரியதாஸின் மனைவி. அதே உப்பளத்தில் கூடை சுமப்பவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கும், சுற்று வட்டாரத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது கல்யாணம், முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை என்றால் அதற்கும் அந்தச் சுண்டைக்காய் விரல்கள்தான் கிட்டார் வாசிக்கின்றன.

கிட்டார் பழைய மாதிரி. அப்போதெல்லாம், கழுத்தின் இரு பக்கமும் உடம்பின் இரண்டு தோளும் உருண்டையாக இருக்கும். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் சின்னக் கம்பிகளை மற்றவர்கள் பிரெட் என்று சொல்வார்கள். மரியதாஸுக்கு அது வரப்பு. இரண்டு வரப்புக்கு நடுவே விரல் வைக்கும் இடம் பாத்தி. மொத்தம் இருபது பாத்தி. கீழே போகப் போகப் பாத்தி குறுகும், சத்தம் மெலிந்து உச்சத்துக்குப் போகும். ஆனால் கழுத்து பதினாலாம் பாத்தியோடு முடிந்து உடம்பு தொடங்கிவிடுகிறது. மிச்ச ஆறு பாத்திக்கும் கை நீட்டினால் கிட்டாரின் தோள் வந்து குறுக்கே நிற்கும். "பதினாலு வரைக்கும் நமக்குப் பட்டா. அதுக்கு மேல பொறம்போக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பார்.

இந்தப் புறம்போக்கு விவகாரத்தில் அவரை விடாமல் சீண்டியவன் கௌதமன். பெரிய முதலியார்சாவடிப் பையன்; மெல்லிசைக் குழுவில் வாசிப்பவன். அவன் கிட்டாருக்கு ஒரு பக்கத் தோளைக் கடையிலேயே குடைந்து கொடுத்திருந்தார்கள். கை இருபதாம் பாத்தி வரை வழுக்கிக்கொண்டு போகும். கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடையில் இருவருக்கும் வழக்கு நடக்கும்.

"அண்ணே, மேல போவ வழியே இல்லாத கிட்டார வெச்சினு இன்னாண்ணே பண்றீங்க? ஆறு பாத்திய சும்மா தரிசு போட்டு வெச்சிருக்கீங்க."

"ஏம்பா, கோயில் பாட்டுப் புஸ்தகத்துல முந்நூறு பாட்டு இருக்குது. ஒரு பாட்டு பத்தாம் பாத்திய தாண்டுதா, சொல்லு. கல்யாண வூட்டுல பிரியாணி துண்றவனுக்கு பதினேழாம் பாத்தில இன்னா வேல?"

நியாயம் பெரும்பாலும் மரியதாஸ் பக்கம்தான். கிட்டார் வாசிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஆறு பாத்திகளுக்கு வருடத்தில் நாலு தடவை போனால் அதிகம். அதிலும் மூன்று தடவை பெருமைக்கு. "முன்வரிசைல பொண்ணுங்க உக்காந்திருந்தாத்தான் நானே அங்க போறேன்" என்று கௌதமனே ஒருநாள் ஒத்துக்கொண்டான். மரியதாஸ் அன்றைக்கு டீயை ரசித்துக் குடித்தார்.

ஆனால் இந்த வழக்கில் மேல்முறையீடு ஒன்று வீட்டிலேயே இருந்தது. கல்யாணமான புதிதில், வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது சின்னப்பாப்பா கேட்டது அது. பாத்தி ஓரங்களில் உள்ளான் குருவிகள் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஊசி மாதிரி மெல்லிய குரலில் கத்திக்கொண்டிருந்தன. "அந்த மாதிரி ஒரு தபா வாசியேன்யா" என்றார். மரியதாஸ் அன்று வீட்டுக்கு வந்து தேடினார். பதினாலாம் பாத்தியில் அந்தக் குரல் இல்லை. பதினெட்டிலும் பத்தொன்பதிலும்தான் இருக்க வேண்டும். தோளைத் தாண்டிச் சுண்டுவிரலை இழுத்துவைத்து அமுக்கினால் 'டொக்' என்று செத்த சத்தம்தான் வந்தது.

அதன்பின் இருபத்திரண்டு வருடம், நினைத்துக்கொண்டாற்போல் சின்னப்பாப்பா கேட்பதும், "அது பொறம்போக்குல இருக்குது பாப்பா" என்று இவர் சொல்வதும் அந்த வீட்டில் வழக்கமாகிப் போனது. "ஊரே பொறம்போக்குலதான் குடியிருக்குது. உனக்கு மட்டும் இன்னாய்யா சட்டம்?" என்று அந்தம்மாளும் விடமாட்டார்.

ஒருநாள் இந்தப் பேச்சு காதில் விழுந்து, கௌதமன் தன் கிட்டாரை உறையோடு நீட்டினான். "எடுத்துனு போங்கண்ணே. அண்ணிக்கு வாசிச்சிக் காட்டிட்டுக் குடுங்க." மரியதாஸ் வாங்கவில்லை. "அடுத்தவன் கிட்டாருல வாசிச்சா அது என் வாசிப்பாப்பா?" என்றார். வீம்பு என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் கிடையாது. அன்றைக்குச் சின்னப்பாப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இதைச் சொல்லும்போது மரியதாஸ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

2004 கோடையில் சின்னப்பாப்பாவுக்குக் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டார். உப்பு வாரும் பருவம். மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் கூடை தூக்கினால் தலை சுற்றியது. "இருமல்தான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்கு?" என்றார். மரியதாஸும் சரி என்றார். அந்த வருடக் கடைசியில் சுனாமி அலை வந்து பாத்திகளையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போனது. ஊரே அதற்கு அழுதுகொண்டிருந்தபோது நின்றுபோன மாத்திரை யார் நினைவுக்கும் வரவில்லை.

அடுத்த ஐப்பசியில் இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை மாத்திரையோடு ஊசியும் போட்டார்கள். சிலருக்கு இந்த ஊசியால் காது மங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். உயிரா காதா என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? கார்த்திகையில் ஒருநாள், ஊசிக்குப் போகப் பஸ் பிடிக்க இருவரும் உப்பளத்து ஓரமாக நடந்தார்கள். மழைத் தண்ணீர் நின்ற பாத்திகளில் உள்ளான்கள் கூட்டமாக ஓடின. ஓயாமல் கத்தின.

"ஏன்யா, இந்த வருஷம் இதுங்க ஏன் கத்தவே மாட்டேங்குது?" என்று கேட்டார் சின்னப்பாப்பா.

கத்திக்கொண்டிருந்த குருவிகளைப் பார்த்தார் மரியதாஸ். "குளிர்ல தொண்ட கட்டிக்கிச்சி போல" என்றார்.

டாக்டர் ஊசியை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார். போனது திரும்பாது, இருப்பதும் இன்னும் கொஞ்ச நாள் குறைந்துகொண்டே போகலாம். மெல்லிய உச்சக் குரல்தான் முதலில் போகும் என்று மரியதாஸைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மரியதாஸ் கிட்டாரை எடுத்துப் பதினாலாம் பாத்தியில் தட்டிப் பார்த்தார். "கேக்குது" என்றார் சின்னப்பாப்பா, கொஞ்சம் யோசித்து. குருவி எட்டாவிட்டாலும் கிட்டார் எட்டுகிறது; அப்படியானால் இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் அந்த உள்ளானை ஒருமுறை கொடுத்துவிட வேண்டும். கௌதமனைத் தேடிப் போனார். அவன் கிட்டாரோடு சென்னைக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அதனால்தான், வேறு யார் கையும் படவிடாத தன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தச்சர் தேசப்பனிடம் போனார். கதவு ஜன்னல் செய்கிறவர் தேசப்பன், நல்ல வேலைக்காரர்.

"மேல போவ வழி வேணும்ப்பா. தோள வெட்டிக் குடு."

"ரெண்டு தோளு இருக்குதே. எந்தத் தோளு?"

"அதான் சொல்றனே, மேல போவறதுக்கு."

மரியதாஸ் கிட்டாரை மடியில் வைத்துப் பிடித்துக் காட்டினார். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார். கிட்டார்க்காரர்களுக்கு மேல் என்றால் சத்தம் மெலிந்து ஏறும் இடம். கை என்னவோ கீழ்ப்பக்கத் தோளைச் சுற்றித்தான் அங்கே போகும். தச்சருக்கு மேல் என்றால் வானத்தைப் பார்த்த பக்கம். தேசப்பன் மேல்தோளை அறுத்தார். மெல்லிய பிளைவுட்டை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, பிசின் தடவி, கயிறு சுற்றிக் கட்டினார். மார்கழிப் பனியில் பிசின் காயப் பத்து நாள் ஆனது. அத்தனை அழகாகச் செய்திருந்தார்.

மரியதாஸ் வந்து பார்த்தார். வானம் பார்த்த தோள் இல்லை. கையை மறிக்கும் தோள் அப்படியே இருந்தது.

"இன்னாண்ணே, நீங்க சொன்ன மாதிரி மேல்தோளுதான?" என்றார் தேசப்பன்.

சண்டை போடத்தான் வாயைத் திறந்தார். சொன்னது தான்தான் என்று அதற்குள் தோன்றிவிட்டது. "சொன்ன மாதிரிதாம்ப்பா செஞ்சிருக்க. அந்தப் பக்கத்தையும் வெட்டு" என்றார். இரண்டு தோளும் போனால் பெட்டி தாங்காது என்று தேசப்பன் தயங்கினார். உள்ளே கட்டை கொடுத்து இறுக்கி, மறுபடி பிசின் வைத்து, நடுவில் பொங்கல் வந்து, முழுசாக மூன்று வாரம் போனது. ஒரு சொல்லுக்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில்தான், முதுகுக்குப் பின்னால் தட்டு விழுந்தாலும் சின்னப்பாப்பா திரும்பிப் பார்க்காமலானார். பஸ் ஹாரனுக்குத் திரும்பினார். புருஷன் குரலுக்கு, கொஞ்சம் சத்தமாகப் பேசினால், திரும்பினார்.

தை மாதக் கடைசியில் தோளில்லாத கிட்டார் வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் நாலு மணி. சின்னப்பாப்பா உப்புக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். மரியதாஸ் முதலில் தடித்த கம்பிகளில் ஒரு கோயில் பாட்டை வாசித்தார். "கேக்குதுய்யா" என்று சிரித்தார் சின்னப்பாப்பா. பிறகு கை நகர்ந்தது. பதினாலு, பதினாறு, பதினெட்டு. எதுவும் தடுக்கவில்லை. பத்தொன்பதில் விரல் பட்டதும் உள்ளான் கத்தியது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெட்டிக்குள் இருந்த குரல். அவரே அன்றுதான் முதல் தடவை கேட்கிறார். கண் நிறைந்துவிட்டது.

"உள்ளான்தான்யா! அச்சு அசல் உள்ளானேதான்!" என்றார் சின்னப்பாப்பா. அவர் கண்கள் மரியதாஸின் இடது கை விரல்களிலேயே இருந்தன. அவை ஓட ஓட அந்தம்மாளின் தலை தாளத்துக்கு ஆடியது.

மரியதாஸ் கண்ணைத் துடைக்க வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். இடது கை பழக்கத்தில் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. சின்னப்பாப்பாவின் தலை மட்டும் நிற்காமல், சிரித்த முகத்தோடு, ஆடிக்கொண்டிருந்தது.

மரியதாஸ் வலது கையைத் திரும்பக் கொண்டுவந்து கம்பிகளுக்கு ஒரு விரற்கடை மேலே, எதையும் தொடாமல், மீட்டுகிற மாதிரி அசைத்தார். சின்னப்பாப்பாவின் தலை தானாக ஓயும்வரை அசைத்துக்கொண்டே இருந்தார்.