சுத்தம் செய்து விற்ற தூண்டில்

என் கணவர் மீன் பிடிக்கிறவர் இல்லை. வாலிபத்தில் ஒரே ஒருமுறை நண்பர்களோடு சில்வர் பீச்சில் தூண்டில் போட்டுப் பார்த்து, அரைமணி நேரத்தில் சலித்துப்போய்ச் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்ததாக அவரே சொல்வார். ஆனால் 2005இலிருந்து நான்கு வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு ஹாலில் தூண்டில் சாமான்தான் பரப்பிக் கிடக்கும்.

அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் தன் பழைய தூண்டில் ராடையும் நரம்பு சுற்றும் ரீலையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். உப்பு ஏறி ரீல் சுற்றவே இல்லை. இவர் அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு மாட்டினார். சுற்றியது. தெரிந்தவர் ஒருவர் கேட்டார், விற்றார். அப்புறம் தேடிப் போய் வாங்க ஆரம்பித்துவிட்டார். பாண்டிச்சேரி காயலான் கடைகளில் கிளறுவார். பரங்கிப்பேட்டையில் யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பிரிக்காமல் போட்டு வைத்திருந்தால் அங்கே போய் நிற்பார்.

அவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"இதுல என்னா கெடைக்குது மாமா உங்களுக்கு?" என்று கேட்டால் ரீலை என் காதோரம் கொண்டுவந்து சுற்றுவார்.

"காலையில கரகரன்னுச்சு. இப்பக் கேளு."

சத்தமே வராது. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. வேலையிலும் வீட்டிலும் நான் அதிகம் பார்க்காத முகம் அது.

நான் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலி சயின்ஸ் டீச்சருடையது. அவருடைய கணவருக்கு மீன் பிடிப்பது என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிள்ளைப் பக்கம் உப்பங்கழிக்குப் போய்விடுவாராம். திங்கட்கிழமைகளில் டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொல்வார்: "நேத்து அப்பாவும் பொண்ணுமா சேந்து கொடுவா புடிச்சாந்தாங்க. இந்தாங்க, கொழம்பு ஊத்திக்குங்க." அந்தக் குழம்பை நான் எத்தனையோ திங்கட்கிழமை சாப்பிட்டிருக்கிறேன்.

2008இல் அந்த மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். ஐம்பதுகூட ஆகவில்லை. பெண் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்து திரும்பிப் போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் டீச்சர் என்னிடம் சொன்னார்.

"அவுரு சாமானெல்லாம் மாடிப்படி அடியில கெடக்கு டீச்சர். போகும்போது வரும்போது கண்ணுல படுது, தாங்கல. உங்க வூட்டுக்காரர் எடுத்துக்குவாரா?"

எனக்கு அந்தப் பெண்ணின் நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டீர்களா என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் நல்ல சாமான்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாமா சந்தோஷப்படுவாரே என்று நினைத்தேன். "எடுத்துக்குவாரு டீச்சர், சொல்றேன்" என்றேன்.

மாமா போய் மொத்தத்தையும் வாங்கிவந்தார். மூன்று ராடுகள், ரீல்கள், முள்ளும் ஈயக்குண்டும் போட்ட ஒரு பெட்டி. அவற்றில் ஒரு பச்சை ராடுதான் அதிகம் புழங்கியது. அதன் பிடி தக்கையால் ஆனது. கைபட்டுக் கைபட்டுக் கறுத்து, கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. மாமா அதை ஒரு ஞாயிறு முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பள்ளத்தை நிரவி, வார்னிஷ் அடித்தார். சாயங்காலம் பார்த்தால் கடையில் வாங்கியது போல இருந்தது. நான்கூட நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அந்த மாதமே குறிஞ்சிப்பாடியில் பைப் கடை வைத்திருந்த ஒருவர் அதை வாங்கிக்கொண்டு போனார்.

செமஸ்டர் லீவில் அந்தப் பெண் வந்தாள். அம்மாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறி, எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றாள். உட்கார் என்று சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"பச்ச ராடு ஒண்ணு இருந்துச்சு அங்கிள். அது மட்டும் போதும் எனக்கு."

"அது வித்துட்டனேம்மா. உனக்கு அதுல பழக்கமா?"

"அப்பாகூட ஞாயித்துக்கெழம போவேன். அதுலதான் கத்துக் குடுத்தாரு."

மாமா என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணும் போவும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே மாமா" என்றேன்.

எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை. அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டிருக்கணும்" என்றார் மாமா. "என் தப்புதாம்மா. எப்படியாவது வாங்கியாந்து தரேன்."

அடுத்த நாளே குறிஞ்சிப்பாடி போனார். பைப் கடைக்காரர் அதைத் தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். மச்சான் கம்மாபுரத்தில். இரண்டுமுறை போயும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம்முறை பிடித்தார். ராசியான ராடு, தர மாட்டேன் என்று அந்த ஆள் சொல்லிவிட்டாராம். விற்காமல் தனக்கென்று மாமா வைத்திருந்த ஜப்பான் ரீல் ஒன்று இருந்தது. அவ்வப்போது எடுத்துச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வைப்பார். அதைக் கொடுத்து ராடை மீட்டு வந்தார்.

நாங்கள் இருவரும் அதை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனோம். தெற்கு வீதிப் பக்கம் அவர்கள் வீடு. பெண் ஓடி வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கினவள் பிடியைப் பற்றினாள். கட்டைவிரல் மேலும் கீழும் நகர்ந்தது. மறுபடி நகர்ந்தது. திருப்பிப் பிடித்துப் பார்த்தாள்.

"புடி மாத்திட்டீங்களா அங்கிள்?"

"இல்லம்மா. தேச்சு வார்னிஷ் அடிச்சேன். கறுப்பா இருந்துச்சு, அதான்…"

அவள் சரி என்பது போலத் தலையசைத்தாள். "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லி ராடை உள்ளே கொண்டுபோனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. டீச்சர் காபி கொண்டுவந்து வைத்தார். மாமா தொடவில்லை.

திரும்பி வரும் வழியில் ஆலப்பாக்கம் தாண்டினதும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "அந்தாளு கைய நானே தேச்சு எடுத்துட்டேன்." நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியும் என்று சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் எதையும் வாங்கவில்லை. யாராவது சாமான் இருக்கிறது என்று போன் செய்தால், "விட்டுட்டேன் சார்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பரை வரி விடாமல் படிப்பார், மத்தியானம் தூங்குவார். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மறுபடி செய்யுங்களேன் மாமா" என்றேன். "யாரு வூட்டு சாமானோ, நமக்கு என்னா தெரியும்" என்றார். எனக்குத் தெரிந்திருந்தது என்பதை மூன்று வருஷம் அவரிடம் நான் சொல்லவே இல்லை. 2011 ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு காலையில், பாத்ரூமில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

டீச்சர் துக்கத்துக்கு வந்திருந்தார். பெண்ணுக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. அடுத்த பொங்கல் கழிந்து வந்தாள். சென்னையில் வேலையில் இருந்தாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மாமாவின் படத்தின் முன் நின்று கும்பிட்டுவிட்டு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்ல. தெரியும்மா. உங்கம்மா என்கிட்ட சொல்லியிருக்காங்க."

"அன்னைக்கே தெரியும் டீச்சர்" என்றாள். "திங்கக்கெழம உங்களுக்குன்னு கொழம்பு தனியா எடுத்து வைக்கிறதே நான்தான். நானும் அப்பாவும் புடிச்சதுன்னு சொல்லிக் குடுங்கன்னு அம்மாகிட்ட சொல்லி அனுப்புவேன்."

"அப்ப ஏன் அவுருகிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"என் தப்புதான்னு சொல்லிட்டாரே. அவுரு மூஞ்சியப் பாத்துட்டு எப்பிடி டீச்சர் சொல்றது?" பிறகு, "சாமானக் குடுக்கறப்ப அம்மாவும்தான் என்னைக் கேக்கல. அம்மாகிட்டயும் நான் எதுவும் சொல்லல" என்றாள்.

என்மேல் கோபமா என்று கேட்க நினைத்தேன். பதில் எப்படி வருமோ என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை. அவள் டீ குடித்தாள். நான் தனியாக எப்படிச் சமாளிக்கிறேன், வெளியூரில் இருக்கும் என் மகன் எப்போது வருவான் என்றெல்லாம் விசாரித்தாள். நாலரை மணிக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். சிதம்பரம் பஸ் கூட்டமாக வந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்குப் போங்க டீச்சர், வெயில் அடிக்குது" என்றாள்.